ஆவணமும் அதிகாரமும்: தகவலுக்கான உரிமைச் சட்டமும் மலையகத் தோட்ட மக்களும்

அதிகாரம் ஆயுதத்தால் மட்டும் நிலைநிறுத்தப்படுவதன்று, ஆவணத்தாலும் நிலைநிறுத்தப்படுகின்றது. யாருடைய பெயர் எந்தப் பதிவேட்டில் எழுதப்படுகின்றது, அதனை எழுதுபவர் யார், அதனைத் திறந்து வாசிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாக்களுக்கான விடைகள் ஒரு சமுதாயத்தின் வர்க்க உறவுகளைப் பெருமளவுக்குப் புலப்படுத்தக் கூடியன. மலையகத் தமிழ் மக்களின் வரலாற்றை இவ்வினாக்களின் ஊடாக நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகின்றது. ஏறத்தாழ 200 ஆண்டுக் காலமாக இம்மக்களைப் பற்றிய பதிவேடுகள் பெருகி வந்துள்ளன. அப்பதிவேடுகளை அவர்களே திறந்து பார்க்கும் வாய்ப்பு மட்டும் அவர்களுக்குக் கிட்டவில்லை.

2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்த 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம், இந்நிலையை மாற்றுவதற்கான வாய்ப்பொன்றைச் சட்ட அளவிலேனும் தோற்றுவித்துள்ளது. அவ்வாய்ப்பின் தன்மை யாது, அதன் எல்லைகள் எவை, டயகம போன்றதொரு தோட்டப் பிரதேசத்தில் உள்ளூர் அதிகாரிகளைப் பொறுப்புக் கூற வைப்பதற்கு அது எவ்வாறு பயன்படக்கூடும் என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தோட்டமும் பதிவேடும்

தோட்டத் தொழிலாளியின் நாள் பிரட்டுக்களத்தில் தொடங்குகின்றது. மாலையில் நிறுக்கப்படும் கொழுந்தின் அளவைக் கொண்டு 'செக்ரோல்' என்னும் சம்பளப் பதிவேட்டில் முழுப்பெயரோ அரைப்பெயரோ போடப்படுகின்றது. 'பெயர்' என்ற சொல் மலையகப் பேச்சு வழக்கில் ஒரு நாட்கூலியையே குறிப்பதாயிற்று. மனிதரின் பெயர் கூலியின் அலகாக மாறிவிட்ட இவ்வழக்கு, உழைப்புச் சக்தி பண்டமாகும் நிகழ்வை மொழியே பதிந்து வைத்திருப்பதற்குச் சான்றாகும். அப்பெயரைப் போடும் கை கணக்கப்பிள்ளையினுடையது; அதனைச் சரிபார்ப்பவர் துரை. பெயருக்குரியவரோ மாத முடிவில் கிடைக்கும் தொகையைக் கொண்டே ஏட்டில் என்ன எழுதப்பட்டது என்பதை ஊகிக்க வேண்டியவராயிருந்தார்.

செக்ரோல் தனித்து நின்றதன்று. பெரிய கங்காணியின் கடன் கணக்கும், அதனோடு இணைந்த துண்டு முறையும் தொழிலாளியின் நடமாட்டத்தையே ஒரு தாளில் அடக்கின. கடன் இவ்வளவு, அது தீர்க்கப்பட்டால் இவர் விடுவிக்கப்படுவார் என்று கூறும் துண்டின்றி ஒருவர் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போக இயலாதிருந்தது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் தொழிலாளியின் வாழ்வைத் தீர்மானிக்கும் தாள் பிறர் கையில் இருக்கும் நிலை ஒழியவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டமும் இந்நிலையை அரசியல் தளத்துக்கு உயர்த்தின. மணமானவராயின் 7 ஆண்டும், மணமாகாதவராயின் 10 ஆண்டும் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையை விண்ணப்பதாரர் நிறுவ வேண்டியிருந்தது. தலைமுறைகளாகத் தேயிலை மலையில் வாழ்ந்தவரிடம் வாழ்ந்ததற்குச் சான்று கொண்டுவரும்படி அரசு கேட்டது. அச்சான்றோ தோட்டத்துக் காரியாலயத்து அலுமாரியில் இருந்தது. ஏறத்தாழ 825,000 பேர் விண்ணப்பிக்க, ஏறத்தாழ 134,000 பேரே பிரசாவுரிமை பெற்றனர். எஞ்சியோர் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரு நாடுகள் பங்கிட்டுக்கொள்ளும் எண்ணிக்கையாயினர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துடனேயே பிரசாவுரிமைப் பிரச்சினை சட்ட அளவில் முடிவுக்கு வந்தது எனலாம்.

தோட்டத்தைப் பற்றிய செய்தியை வெளியே கொண்டுவருவதும் அக்காலத்தில் எளிதாயிருக்கவில்லை. கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளர் நிலையை அறிந்து எழுதியமை பலரும் அறிந்தது. தொழிலாளருக்குரிய சட்டங்களையும் உரிமைகளையும் விளக்கும் நூல்களை அவர் தமிழில் எழுதி வெளியிட்டார். மலையக எழுத்தின் முன்னோடி ஒருவர் தகவல் திரட்டுபவராகவும் சட்டம் விளக்குபவராகவும் இருந்தமை தற்செயலன்று. தகவல் மறுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தில் இலக்கியப் பணியும் தகவற் பணியும் ஒன்றோடொன்று பிணைந்தே பிறந்தன.

2. மனுவிலிருந்து வினாவுக்கு

தோட்ட மக்கள் அதிகாரத்தோடு எழுத்தில் பேசிய நேரங்களில் அவ்வெழுத்து பெரும்பாலும் மனுவின் வடிவத்தையே கொண்டிருந்தது. மனுவுக்கென ஓர் இலக்கணம் உண்டு. எழுதுபவர் தம்மைத் தாழ்த்திக்கொள்வார். தமது துன்பத்தை விரித்துரைப்பார். பெறுபவரின் கருணையை வேண்டுவார். கீழ்ப்படிவு கூறி முடிப்பார். கச்சேரி வாசலில் மனு எழுதிக் கொடுப்போர் வளர்த்தெடுத்த இவ்வடிவம், குடியேற்ற ஆட்சி மறைந்த பின்னரும் மறையவில்லை. அரசியல்வாதியிடமும் தொழிற்சங்கத் தலைவரிடமும் நீட்டப்படும் கடிதங்களில் அது இன்றும் வாழ்கின்றது. தருவதும் மறுப்பதும் பெறுபவரின் விருப்பம் என்பதே மனு என்னும் வடிவத்தின் உட்பொருள்.

தகவற் கோரிக்கை வேறு வகையைச் சேர்ந்தது. அதில் துன்பத்தை விவரிக்க வேண்டியதில்லை. தகவல் எதற்காக வேண்டும் என்னும் காரணத்தைக் கோருபவர் கூற வேண்டியதில்லை எனச் சட்டமே விதித்துள்ளது. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்கலாம். அதனை எழுத்தில் வடிக்கும் கடமை தகவல் அலுவலருடையது. மனு எழுதுபவரைத் தேடிக் கச்சேரி வாசலில் நின்ற ஒருவருக்காக இன்று அதிகாரியே எழுதுகோலை எடுக்கக் கடமைப்பட்டுள்ளார். கருணையை எதிர்பார்த்து நின்றவர் விடையைக் கோருபவராக மாறுவதே இச்சட்டம் கொண்டுவரும் முதன்மையான மாற்றமாகும். இதனை வெறும் நடைமுறை மாற்றமாகக் கொள்ளல் தகாது. அதிகாரத்தின் முன் நிற்கும் மனிதரின் தன்னிலை பற்றிய மாற்றம் இது.

3. சட்டம் வந்த வழியும் அதன் உள்ளடக்கமும்

இச்சட்டம் மேலிருந்து மனமுவந்து அளிக்கப்பட்டதன்று. 2003இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட சட்ட வரைவு 2004இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதோடு கைவிடப்பட்டது. 2011இல் தனிநபர் பிரேரணையாகக் கொண்டுவரப்பட்ட மசோதா தோற்கடிக்கப்பட்டது. இடையில், காலிமுகத் திடல் தொடர்பான வழக்கில் 2005இல் உயர்நீதிமன்றம், கருத்து வெளியிடும் உரிமையுள் தகவல் பெறும் உரிமையும் அடங்கும் எனக் கொண்டது. 2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தத்தினால் அரசியலமைப்பில் 14அ என்னும் உறுப்புரை சேர்க்கப்பட்டு, தகவல் பெறுதல் அடிப்படை உரிமையாயிற்று. அதன் வழிவந்ததே 2016ஆம் ஆண்டுச் சட்டம். சுவீடன் இத்தகைய சட்டத்தை 1766இலேயே இயற்றியது என்பதையும், இந்திய மாநிலங்களுள் தமிழ்நாடு, பல விதிவிலக்குகளோடு எனினும், 1997இல் முதன்முதலாக இயற்றியது என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

சட்டத்தின் நடைமுறை சிக்கலானதன்று. அமைச்சு, திணைக்களம், மாகாண சபை, உள்ளூராட்சி மன்றம், அரச கூட்டுத்தாபனம், அரசு 25 வீதமோ அதற்கு மேலோ பங்கு கொண்ட கம்பனி ஆகியன 'பகிரங்க அதிகாரசபை' என்னும் வரைவிலக்கணத்துள் அடங்குவனவற்றுட் சில. ஒவ்வொன்றிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருத்தல் வேண்டும். கோரிக்கை கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என அவர் முடிவு செய்ய வேண்டும். தருவதாயின் உரிய கட்டணம் செலுத்தப்பட்டு 14 நாட்களுக்குள் தர வேண்டும். தகுந்த காரணமிருப்பின் மேலும் 21 நாட்களுக்கு மேற்படாத காலம் எடுக்கலாம். உயிரோ தனிமனித சுதந்திரமோ சம்பந்தப்பட்ட விடயமாயின் 48 மணித்தியாலங்களுக்குள் பதில் வேண்டும். மறுக்கப்பட்டவர் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையிடலாம். அதன்பின் 2 மாதங்களுக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவிடமும், இறுதியாக மேன்முறையீட்டு நீதிமன்றிடமும் செல்லலாம்.

அதிகம் பேசப்படாத ஏற்பாடுகள் வேறு சிலவும் உள. உள்நாட்டு நிதியில் 500,000 ரூபாவுக்கும், வெளிநாட்டு நிதியில் 100,000 அமெரிக்க டொலருக்கும் மேற்பட்ட செயற்றிட்டம் ஒன்றின் விபரங்களை அது தொடங்குவதற்கு 3 மாதங்களுக்கு முன்னரே, எவரும் கேளாமலே, அமைச்சர் வெளியிடுதல் வேண்டும். சட்டத்தின் பின் உருவாகும் பதிவேடுகளை 12 ஆண்டுகளேனும் பேண வேண்டும். 'கோவை தொலைந்துவிட்டது' என்னும் பழகிப்போன விடை இனி விடையாகாது. கோரப்பட்ட தகவலை வேண்டுமென்றே அழிப்பது தண்டத்துக்கும் சிறைக்கும் உரிய குற்றமாகும்.

4. டயகமவில் எதனை, யாரிடம் கேட்பது?

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக மேலேறும் பாதை, ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்திலுள்ள டயகமவை அடைகின்றது. மகாவலியின் கிளையான கொத்மலை ஓயாவுக்கு நீர் தரும் அக்ரா ஓயா இம்மலைகளிலிருந்தே பாய்கின்றது. இங்குள்ள பாதை, லயன், குடிநீர், மருந்தகம், பிள்ளைக் காப்பகம் ஆகியன நெடுங்காலமாகத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாகவே கருதப்பட்டன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபையின் நிதி தோட்டத்துக்குள் செல்வதற்குத் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபை, அவர்களது வாசலில் ஒரு கல்வெட்டுப் பாலம் அமைப்பதற்கும் சட்டம் குறுக்கே நின்றது. 2018இல் நிறைவேறிய திருத்தமே இதனை நீக்கியது. அதே ஆண்டு பெப்ரவரி 10ஆம் திகதித் தேர்தலுக்கு முன்னர், நுவரெலியா, அம்பகமுவ என்னும் பெரும் பிரதேச சபைகள் இரண்டும் 6 சபைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அக்கரப்பத்தனைப் பிரதேச சபை அவ்வாறு உருவானவற்றுள் ஒன்று.

எனவே, உள்ளூர் அதிகாரத்திடம் கணக்குக் கேட்கும் வாய்ப்பு மலையகத்தில் மிக அண்மையிலேயே பொருள் பெற்றது. அவ்வாய்ப்பும் இடையறாது நிலைக்கவில்லை. நாடு முழுவதும் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவுற்று, 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை செயலாளர்களே அவற்றை நிருவகித்தனர். தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இல்லாத அவ்விரண்டு ஆண்டுகளிலும் வரி அறவிடப்பட்டது, பணம் செலவிடப்பட்டது. அக்காலத்துக் கணக்கைக் கேட்பதற்குச் சபையில் எதிர்க்கட்சி இருக்கவில்லை. தகவற் கோரிக்கை இருந்தது.

கேட்கும் முறையும் இங்கு முக்கியமானது. 'எங்கள் பாதை ஏன் இப்படிக் கிடக்கிறது?' என்பது நியாயமான கேள்வி. ஆயினும் அது தகவற் கோரிக்கையாகாது. சட்டம் கருத்தையன்று, இருக்கின்ற ஆவணத்தையே பெற்றுத் தரும். குறிப்பிட்ட ஆண்டில் குறிப்பிட்ட பாதைத் துண்டுக்கு ஒதுக்கப்பட்ட தொகை, மதிப்பீட்டு அறிக்கை, ஒப்பந்தம், அளவீட்டுக் குறிப்பு, கொடுப்பனவு வவுச்சர், வேலை முடிவுச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளைக் கேட்பதே பயன்தரும். தாளில் போடப்பட்ட பாதையின் நீளத்தையும் தரையில் போடப்பட்ட பாதையின் நீளத்தையும் ஒப்பிடுவதற்கு ஒரு கயிறு போதும். இவ்வாறே, பிரதேச செயலகத்திடம் 2023இல் தொடங்கிய 'அஸ்வெசும' நலன்புரித் திட்டத்துக்கான தெரிவு அளவுகோல்களையும் தமது குடும்பம் நிராகரிக்கப்பட்டதற்கான பதிவையும் கேட்கலாம். வலயக் கல்விக் காரியாலயத்திடம் பாடவாரியான ஆசிரியர் வெற்றிடங்களைக் கேட்கலாம். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளைப் போன்ற திட்டங்களில் பயனாளிகள் எவ்வளவுகோலின்படி தெரிவு செய்யப்பட்டனர் என்பதை உரிய அமைச்சிடம் கேட்கலாம்.

இனி, மலையகத்துக்கே உரிய பிரச்சினைக்கு வருவோம். தோட்டத்து அதிகாரத்தின் பெரும்பகுதி அரசிடமில்லை, கம்பனியிடம் உள்ளது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையான தோட்டங்கள், 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. பின்னர் 53 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. செக்ரோல் இன்று கம்பனியின் ஏடு. இச்சட்டம் அதனை நேராகத் தொடுவதில்லை என்பது இதன் மிகப் பெரிய எல்லை. தனியார் உடைமை தொடங்கும் இடத்தில் தகவலுரிமை நின்றுவிடுகின்றது.

எனினும் கம்பனியின் கணக்கு முற்றாகக் கம்பனிக்குள் அடங்கிவிடுவதில்லை. நிலம் அரசினுடையது, ஆகவே குத்தகை உடன்படிக்கை அரசிடம் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில் தருநர் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் தருநர் 3 வீதமும் செலுத்த வேண்டும். செலுத்தினரா என்னும் பதிவு அரச நிறுவனங்களிடம் உண்டு. தொழில் அதிகாரி தோட்டத்தைப் பரிசோதித்திருப்பின் அவ்வறிக்கை தொழில் திணைக்களத்தின் ஆவணமாகும். தனியார்மயமாக்கலின்போது அரசு தன்னிடம் வைத்துக்கொண்ட 'பொற்பங்கு' கம்பனிகளின் கணக்கேடுகளைப் பரிசோதிக்கும் உரிமையையும், காலாண்டுதோறும் அறிக்கை பெறும் உரிமையையும் திறைசேரிச் செயலாளருக்கு அளிக்கின்றது. அவ்வறிக்கைகள் அவரிடம் வந்துசேர்ந்த பின் பகிரங்க அதிகாரசபை ஒன்றின் கையிலுள்ள ஆவணங்களாகின்றன. வாணிப இரகசியம் என்னும் விதிவிலக்கு இங்கு எதிர்வாதமாக எழும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பொதுநலன் மேலோங்குமிடத்து விதிவிலக்கு செல்லாது என்பதும் அதே சட்டத்தின் ஏற்பாடே. அந்த வாதத்தை முன்வைப்பதற்கு மலையகத்தைவிடத் தகுந்த களம் இந்நாட்டில் வேறில்லை. ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் தோட்டங்களைப் பொறுத்தவரை இத்தடையும் இல்லை. அவை ஐயத்துக்கிடமின்றி அரச நிறுவனங்கள். தொழிலாளருக்குச் சேர வேண்டிய சேமலாப நிதி நிலுவைகள் அங்கேயே பெருமளவில் தேங்கியிருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

5. தடைகள்

சட்டம் வழங்கும் உரிமைக்கும் லயத்தில் வாழ்பவரின் நடைமுறைக்கும் இடையே பல தடைகள் உள. முதலாவது, முகவரி. லயன்களில் வாழும் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டத்துக் காரியாலயம் வழியாகவே வருகின்றன. அதிகாரியின் பதில் எவருடைய மேசையைத் தாண்டி வந்துசேர வேண்டியுள்ளது என்பதை எண்ணிப் பார்ப்பின், தகவலுரிமைக்கும் தபாலுரிமைக்குமுள்ள உறவு விளங்கும். இரண்டாவது, மொழி. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிருந்தும், தமிழில் கேட்டதற்குச் சிங்களத்தில் விடை வருவது மலையகம் அறியாத அனுபவமன்று. மூன்றாவது, அச்சம். கேட்டவர் யார் என்பது சிறிய இடத்தில் மறைந்திருப்பதில்லை. வேலையும் வசிப்பிடமும் ஒரே அதிகாரத்தின் கையில் இருக்கும்போது கேள்வி கேட்பதன் விலை நகரத்திலுள்ளதைவிடப் பன்மடங்காகும்.

நான்காவது, காலம். பாராளுமன்ற உறுப்பினர்களுள் சொத்து விபரம் சமர்ப்பித்தோரின் பட்டியலை 2018இல் ஊடகவியலாளர் ஒருவர் கோரினார். ஆணைக்குழு அதனை வெளியிடும்படி 2021இல் பணித்தது. பாராளுமன்றத் தரப்பு மேன்முறையிட, நீதிமன்றம் ஆணைக்குழுவின் முடிவை உறுதிசெய்தது 2023இலேயே. கொழும்பில் வாழும் ஊடகவியலாளருக்கே 5 ஆண்டுகள் சென்றனவெனின், ஒரு நாள் பெயரை இழந்து நுவரெலியாவுக்குப் பஸ் ஏற வேண்டிய தொழிலாளிக்குத் தாமதம் என்பது மறுப்பேயாகும்.

இத்தடைகளுக்கான விடையின் ஒரு பகுதி சட்டத்திலேயே உள்ளது. தகவல் கோரும் உரிமை பிரசைக்குரியது. ஆனால் 'பிரசை' என்னும் சொல்லுக்குச் சட்டம் கூறும் பொருளில், உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினரேனும் பிரசைகளாயுள்ள அமைப்பும் அடங்கும். அது பதிவு பெற்றதாயிருக்க வேண்டியதுமில்லை. அதாவது தொழிற்சங்கக் கிளையோ, தோட்டத்து மாதர் சங்கமோ, மரண உதவிச் சங்கமோ தனது பெயரிலேயே கேட்கலாம். தனியொருவரின் பெயர் தனித்து நிற்க வேண்டியதில்லை. முகவரியைக் கடைவீதியில் வைத்துக்கொள்ளலாம். செலவையும் அலைச்சலையும் பகிர்ந்துகொள்ளலாம். பிரசையல்லர் என ஒதுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டம், இன்று கூட்டாகவே ஒரு பிரசையாக நின்று அரசை வினவலாம் என்பது இச்சட்டத்தின் வரலாற்று முரண்களுள் ஒன்று.

6. இராஜஸ்தான் தரும் பாடம்

கூட்டாகக் கேட்பதோடு கூட்டாக வாசிப்பதும் இன்றியமையாதது என்பதை இந்தியாவின் இராஜஸ்தான் அனுபவம் உணர்த்துகின்றது. 1990 மே 1ஆம் திகதி அங்கு உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு, வரட்சி நிவாரண வேலைகளில் குறைந்தபட்சக் கூலி மறுக்கப்பட்டமைக்கு எதிராகப் போராடிற்று. 'நீங்கள் செய்த வேலை ஏட்டில் இல்லை' என்பதே அதிகாரிகளின் விடை. எனவே ஏட்டைக் காட்டு என்பது கோரிக்கையாயிற்று. அந்த ஏடு கூலிப் பதிவேடே. நமது செக்ரோலுக்கு நேர் உறவுடையது. 1994 டிசம்பர் 2ஆம் திகதி கோட் கிரானா என்னும் கிராமத்தில் நடந்த முதலாவது பொது விசாரணையில், கிடைத்த பதிவுகள் மக்கள் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டன. அதனைத் தொடர்ந்து பல ஊர்களில் நடந்த விசாரணைகளில், வேலை செய்யாதோர் பெயரிலும் இறந்தோர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் தொடங்கி 40 நாட்கள் நடந்த மறியற் போராட்டம் இக்கோரிக்கையை நாடறியச் செய்தது. இந்தியத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 ஒக்டோபரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

அங்கு கூலிப் போராட்டம் தகவலுரிமையைப் பெற்றெடுத்தது. இங்கோ சட்டம் முதலில் வந்துவிட்டது. அதனைத் தாங்கும் இயக்கமே இன்னும் உருவாக வேண்டியுள்ளது. இவ்வேறுபாடு அடிப்படையானது. பயிற்சிப் பட்டறைகளில் படிவம் நிரப்பக் கற்றுக்கொடுப்பதோடு பணி முடிந்துவிட்டதாகக் கருதும் போக்கு, இவ்வேறுபாட்டைக் காணத் தவறுவதன் விளைவேயாகும். ஒரு வவுச்சரின் பிரதி தனிமனிதரின் பெட்டிக்குள் இருக்கும்வரை அது காகிதமே. அதனைப் பிரட்டுக்களத்திலோ கோயில் முற்றத்திலோ, அப்பாதையில் நாளாந்தம் நடப்போர் முன்னிலையில் வாசிக்கும்போதே அது சான்றாகின்றது.

முற்போக்காளருள் ஒரு சாரார் இத்தகைய சட்டங்களை முதலாளித்துவ அரசின் ஒப்பனை என ஒதுக்குவர். மார்க்ஸ் அவ்வாறு ஒதுக்கவில்லை. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் பாகத்தில் வேலை நாள் பற்றிய அதிகாரம், லெனார்ட் ஹோர்னர் முதலிய தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளையும் பாராளுமன்ற வெளியீடுகளையும் ஆதாரமாகக் கொண்டே எழுதப்பட்டது. ஆளும் வர்க்கம் தனது நிருவாகத் தேவைக்காகத் திரட்டிய தகவல் அவ்வர்க்கத்துக்கு எதிரான சான்றாக மாற்றப்பட்டது. லெனின் 1917இல் வாணிப இரகசியத்தை ஒழிக்க வேண்டும் என வற்புறுத்தியமையும் இங்கு நினைவுகூரத்தக்கது. உற்பத்திக் கணக்கு உழைப்போருக்கு மறைக்கப்பட்டிருக்கும்வரை ஜனநாயகம் ஆலை வாசலில் நின்றுவிடும் என்பது அதன் பொருள். தேயிலைத் தோட்டத்துக்கும் அது பொருந்தும்.

ஆகவே தகவலுக்கான உரிமைச் சட்டத்தை மிகையாக மதிப்பதும் புறக்கணிப்பதும் ஒருங்கே தவறாகும். அது கூலியை உயர்த்தாது. நிலத்தை உழைப்போருக்கு உரித்தாக்காது. கம்பனியின் ஏட்டை நேராகத் திறக்காது. ஆனால், நெடுங்காலமாக மக்களைப் பற்றி மேல்நோக்கியே சென்ற தகவலை அவர்களிடம் திரும்பி வரச் செய்யும் வழியொன்றை அது திறந்துள்ளது. அவ்வழியில் நடப்பதற்குத் தோட்டந்தோறும் கேட்கும் குழுவும், வாசிக்கும் கூட்டமும் வேண்டும். தமிழ் கற்றோருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. அரச ஆவணத்தின் மொழியை லயத்தின் மொழிக்கு மாற்றித் தருதல், கோரிக்கையைத் துல்லியமாக வரைய உதவுதல், பெற்ற விடைகளைத் தொகுத்துப் பேணுதல் ஆகியன பல்கலைக்கழகத் தமிழாய்வுக்குப் புறம்பான பணிகள் அல்ல. நடேசய்யர் தொடக்கி வைத்த பணியின் தொடர்ச்சியே அவை.